ஜன்னல் கம்பி நெளிகிறதா? லென்ஸை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: எனக்கு 61 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 14 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை, முதலில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் என்றார்கள். மோனோஃபோக்கல், மல்டிஃபோக்கல், டோரிக் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் என் அக்காவுக்குச் சாதாரண லென்ஸ்தான் வைத்தோம். எதிரில் நிற்பவரின் தோள் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்கிறாள். எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று, கடன் வாங்கியாவது விலை கூடிய லென்ஸ் வைக்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். மல்டிஃபோக்கல் வைத்தால் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். லென்ஸ் எத்தனை வருடம் வரும்? உள்ளே நகர்ந்துவிடுமா? உடம்பு ஏற்காமல் போகுமா? மஞ்சள் லென்ஸ் நல்லதா? இடது கண்ணால் மட்டும் பார்த்தால் ஜன்னல் கம்பி நடுவில் நெளிந்து தெரிகிறது, அது புரையால்தானே? கண் எரிச்சலுக்கு அக்காவின் பழைய சீட்டைக் காட்டி அதே சொட்டு மருந்தை வாங்கி இரண்டு மாதமாகப் போடுகிறேன், நன்றாகக் கேட்கிறது.

பதில்: ஜன்னல் கம்பியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமான வரி.

புரை பார்வையை மங்கலாக்கும். நிறங்களை மஞ்சளாக்கும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சிதறடிக்கும். சிலருக்கு ஒரே கண்ணில் நிலாவை இரண்டாகக்கூடக் காட்டும். ஆனால் நேர்க்கோட்டை நெளித்துக் காட்டுவது புரையின் குணமில்லை. உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன். துணியில் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். உங்கள் கண்ணாடியில் அழுக்கு இருந்தால் கோடு மங்கும், அவ்வளவுதான். துணியே சுருங்கிப் புடைத்திருந்தால்தான் கோடு நெளியும். கண்ணுக்குள் அந்தத் துணி, விழித்திரை. அதன் நடுவில் மேக்குலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஊசியில் நூல் கோப்பது, எழுத்துக் கூட்டிப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. அங்கே நீர் கோத்துக்கொண்டாலோ, மேலே ஒரு மெல்லிய சவ்வு படர்ந்து இழுத்தாலோ, அடியில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்தாலோ கம்பி நெளியும். 14 வருடச் சர்க்கரை உள்ளவருக்கு இந்த நீர்க்கோப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இன்றே ஒன்று செய்யுங்கள். வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் வலது கண்ணை மூடி, கதவு நிலையின் ஓரத்தைப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். மாதக்கணக்கில் பலருக்கு இது தெரியாமலே போவதற்கு அதுதான் காரணம். நீங்களாவது கவனித்தீர்களே, நல்லது.

இந்த வாரத்துக்குள் ஒரு விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பார்கள், விழித்திரையின் அடுக்குகளைப் படமாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் கண்ணைத் தொடவே தொடாது, சில நிமிட வேலை. நீர் கோத்திருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசி போட்டு அதை வற்ற வைத்துவிட்டு, அப்புறம்தான் புரைக்குப் போவார்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை ஆபரேஷனுக்குப் பிறகு மேக்குலாவில் உள்ள வீக்கம் கூடிவிடுவது உண்டு. ‘முதலில் புரையை எடுத்துவிடலாம், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும், புரை முற்றிப்போய் உள்ளே பார்க்கவே முடியவில்லை என்றால் ஒழிய, ஒப்புக்கொள்ளாதீர்கள். இதற்கிடையில் திடீரென்று நடுவில் கருப்பாக மறைத்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ அன்றைக்கே போகவேண்டும்.

இனி நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயம். விலை குறைந்த லென்ஸ் வைத்ததால்தான் அக்காவின் பார்வை போய்விட்டது என்று நம்புகிறீர்கள். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. ஆனால் தோள் தெரிந்து முகம் மறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது லென்ஸின் குறையைப் போல் இல்லை. லென்ஸ் பவர் தப்பாக இருந்தால் தோளும் முகமும் சேர்ந்தே மங்கும், கண்ணாடி போட்டால் தெளியும். நடு மட்டும் மறைந்து ஓரம் தெரிகிறது என்றால் அது மேக்குலாவின் கதை. அந்தக் கண்ணில் உலகத்திலேயே விலை உயர்ந்த லென்ஸை வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஆகவே கடன் வாங்குகிற பேச்சை இப்போது விடுங்கள். மோனோஃபோக்கல் இரண்டாம் தர லென்ஸ் இல்லை. பட்டியலில் ‘சாதாரண’ என்று எழுதியிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. வரும் வெளிச்சம் முழுவதையும் ஒரே தூரத்துக்குக் குவித்துக் கொடுக்கும் லென்ஸ் அது. அந்தத் தூரத்தில் அதைவிடத் தெளிவாகக் காட்டும் லென்ஸ் கிடையாது. மல்டிஃபோக்கல் அதே வெளிச்சத்தை தூரம், நடுத்தூரம், கிட்ட என்று பங்கு போடுகிறது. ஆரோக்கியமான விழித்திரை அதைச் சமாளித்துவிடும், பலர் கண்ணாடி இல்லாமல் நிம்மதியாக இருக்கிறார்கள். ஏற்கெனவே பழுதான மேக்குலாவுக்கோ கிடைக்கிற வெளிச்சம் முழுவதும் வேண்டும். மங்கிய சாம்பலுக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம், கருநீலத் துணியில் கருப்பு நூல் ஓடுவது, இதெல்லாம்தான் முதலில் போகும். ஸ்கேனில் மேக்குலா கெட்டிருப்பது உறுதியானால் மல்டிஃபோக்கலை நான் வைக்க மாட்டேன். விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்று வீடியோவில் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் பழகிவிடும், சிலருக்குப் பழகாமலே போவதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது என்று நினைக்கிறேன்.

டோரிக் வேறு சங்கதி. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாதவர்களுக்கு, அதாவது கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ பவர் இருக்கிறவர்களுக்கு உள்ளது. இது ஒரே தூரத்துக்குக் குவிக்கும் லென்ஸாகவே கிடைக்கும், அப்போது வெளிச்சத்தைப் பங்கு போடாது. அளந்து பார்த்ததில் கருவிழியின் சிலிண்டர் ஒன்றரையைத் தாண்டினால் அதற்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் இல்லை. வைக்கிற கோணம் மட்டும் தவறக் கூடாது. 30 டிகிரி திரும்பிவிட்டால் வைத்ததற்கான பலனே இருக்காது. படுத்ததும் கண் லேசாகத் திரும்பும் என்பதால், உட்கார வைத்து முதலில் அளவைக் குறித்துக்கொள்வார்கள்.

லென்ஸின் பெயரைவிட லென்ஸின் பவர்தான் உங்கள் பார்வையைத் தீர்மானிக்கிறது. இது இன்று நேற்றுத் தெரிந்ததில்லை. 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானத்தின் பிளாஸ்டிக் மேற்கூரைச் சில்லுகள் புகுந்திருந்தன. அவை வருடக்கணக்காக உள்ளேயே கிடந்தும் கண் சீறவில்லை என்பதைக் கவனித்துத்தான் அவர் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். உடம்பு ஏற்குமா என்ற உங்கள் கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த முதல் நோயாளிக்குப் பவர் கணக்கு தவறி, கடுமையான கிட்டப்பார்வையில் போய் நின்றது. பொருள் சரி, இடம் சரி, அளவு தப்பு.

இன்று அந்த அளவுக்குப் பயோமெட்ரி என்று பெயர். கண்ணின் நீளம் சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடிப் பவரில் இரண்டரை, மூன்று வரைகூட மாறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளப்பதற்கு முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைச் சொல்லியே ஆகவேண்டும், அவர்களுக்குக் கணக்கே வேறு. கண் வறண்டு எரிந்துகொண்டிருக்கும்போது கருவிழியை அளந்தால் அளவு நிலையாக வராது. உங்கள் எரிச்சலை முதலில் சரி செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அளந்தாகிவிட்டது என்றால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

எந்தத் தூரத்துக்குப் பவரை வைப்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் ஆயுள் முழுக்கக் கிட்டப்பார்வைக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேப்பர் படிப்பார். வேறொரு இடத்தில் ஆபரேஷன் செய்து தூரத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார்கள். கட்டுப் பிரித்ததும் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்து சந்தோஷப்பட்டவர், மறுநாள் காலையில் பேப்பரை மூக்குக்கு அருகில் கொண்டுபோயும் ஒரு எழுத்தும் தெரியாமல் பதறிப்போனார். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் அளவு டேப் இருக்கிறது. மெஷின் முன்னால் வழக்கம்போல் உட்காருங்கள், குனிந்து காட்ட வேண்டாம். கண்ணிலிருந்து மெஷின் ஊசி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பக்கத்தில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கையில் ஊசி பிடித்துத் தைக்கும் தூரத்தையும் அளந்து, இரண்டையும் எழுதிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்பவரிடம் கொடுங்கள். 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு பவர், 50 என்றால் வேறு பவர். தூரத்துக்கு லென்ஸ் வைத்துத் தையலுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். அல்லது தையல் தூரத்துக்கே லென்ஸ் வைத்து வெளியே போகும்போது கண்ணாடி போடலாம். நாள் முழுக்க மெஷினில் இருப்பவருக்கு இரண்டாவதும் நல்ல வழிதான். எப்படியும் கண்ணாடி இருக்கும். கண்ணாடி போடுவது ஆபரேஷன் தோற்றதற்கு அடையாளம் இல்லை.

மற்ற கேள்விகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸ் ஆயுளுக்கும் வரும். பெட்டியில் போட்டிருக்கும் தேதி, கண்ணுக்குள் வைப்பதற்கு முந்தைய காலத்துக்கு. புரை இருந்த அதே பைக்குள்தான் லென்ஸை வைக்கிறோம், சில வாரங்களில் பை சுருங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். குனிந்தால், தும்மினால் விழுந்துவிடாது. மாதங்களோ வருடங்களோ கழித்துப் பையின் பின்பக்கம் மங்கலாகலாம். அது புரை திரும்பி வந்ததல்ல, யாக் லேசரில் சில நிமிடங்களில் சரியாகும். நீல வெளிச்சத்தை வடிகட்டும் மஞ்சள் லென்ஸால் விழித்திரைக்குத் தனிப் பாதுகாப்பு கிடைக்கிறது என்பது நிரூபணமாகவில்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வாரக் கெடுவுக்கும் பயப்படாதீர்கள். சாதாரணப் புரை காத்திருக்கும், மேக்குலாதான் காத்திருக்காது.

சொட்டு மருந்து விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் வருத்தம் உண்டு. புரை ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது எரிச்சலைச் சட்டென்று அடக்கும், அதனால்தான் ‘நன்றாகக் கேட்கிறது’. அது சில வாரங்களுக்கென்று, மருத்துவரின் கண்காணிப்பில், குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டிய மருந்து. நாமாகத் தொடர்ந்து போட்டால் வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறலாம், பார்வை நரம்பு கெடலாம். அப்படிப் போன பார்வையை எந்த லென்ஸாலும் திருப்பித் தர முடியாது. போதாததற்கு, ஸ்டீராய்டே புரையையும் வளர்க்கும். இன்றோடு நிறுத்துங்கள். புட்டியைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டி, கண் அழுத்தத்தை அளந்து கொள்ளுங்கள். அடுத்ததாக, புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று ஏதாவது உங்கள் போனில் வரும். அப்படி ஒரு மருந்து இன்றுவரை இல்லை.

ஆபரேஷன் முடிந்தபின் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாளுக்கு நாள் பார்வை தெளிய வேண்டும், உறுத்தல் குறைய வேண்டும். அதற்கு மாறாக வலி கூடி, சிவப்பு கூடி, பார்வை இறங்கினால், முக்கியமாக முதல் இரண்டு வாரத்தில், அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். ராத்திரியானாலும் அந்த நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

விழித்திரை மருத்துவரிடம் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். லென்ஸ்தான் காரணம் என்று நம்பியதில், மூன்று வருடமாக அவர் கண்ணின் பின்பக்கத்தை யாரும் பார்க்காமலே விட்டிருக்கலாம். நீர்க்கோப்பாக இருந்தால் இப்போதும் ஊசியால் ஓரளவு மீட்க வழி இருக்கலாம். இல்லாவிட்டாலும் இன்னொரு கண்ணைக் காப்பாற்ற வேண்டுமே. அவரையும் ஒரு கண்ணை மூடிக் கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தக் கண்ணில் என்ன தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள்.