மகள் கிளப்பில் பாடப் போகலாமா? சுங்கை சிப்புட் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. உங்கள் குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். மகளுக்கு 19 வயது. எஸ்டிபிஎம் (மலேசியாவின் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வு) முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருக்கிறாள். ஈப்போவில் ஒரு கிளப்பில் வெள்ளி, சனி இரவுகளில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். "தோட்டத்து ஜனங்க என்ன பேசுவாங்க" என்பது உங்கள் கவலை. இரவு ஒரு மணிக்கு அவள் எப்படி வீடு திரும்புவாள் என்பது என் கவலை. முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் அந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை.

ஊர்ப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். பாப் பாடகி உஷா உதூப் தமிழ்க் குடும்பத்துப் பெண். 1960களின் கடைசியில் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்ற நைட்கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். அப்புறம் கல்கத்தாவின் டிரிங்காஸ், டெல்லியில் ஓபராய் ஓட்டல். அங்கே அவர் பாடியதைக் கேட்ட இந்தி நடிகர் தேவ் ஆனந்தின் குழு மூலம் இந்தி சினிமா. 2024-இல் பத்ம பூஷண். இதை மகளிடம் சொல்லி ஏற்றிவிடாதீர்கள். கிளப்பில் பாடியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலேயே பாடி ஓய்ந்தவர்கள். நம் கல்யாண விருந்து மேடைகளிலும் குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணும் மாமாக்கள் உண்டு. அதை மட்டும் யாரும் கெட்ட இடம் என்று சொல்வதில்லை, பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டனின் அம்மா செய்த காரியம். சிஸ்ஸி ஹூஸ்டன் தாமே பாடகி. மகளைத் தேடி இசைத்தட்டு வாய்ப்புகள் வந்தபோது, முதலில் பள்ளிப் படிப்பை முடிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. நியூயார்க் கிளப்புகளில் தம் மேடையிலேயே மகளையும் பாட வைத்தார். 1983-இல் ஸ்வீட்வாட்டர்ஸ் என்ற கிளப்பில் கேட்டுவிட்டுத்தான் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ் ஒப்பந்தம் போட்டார். விட்னிக்கு அப்போது 19 வயது, உங்கள் மகளைப் போல.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு இருக்கிறது. 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவிரவாக வாசித்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17 வயதுதான் என்று தெரிந்ததும் போலீஸ் அவரை நாடு கடத்தியது. வாசிப்பு முறுக்கேறியதும் அதே ஊரில்தான், அது வேறு கதை.

சரி, நம் ஊருக்கு வருவோம். மகள் 18 தாண்டியவள் என்பதால் ஒப்பந்தத்தில் அவளே கையெழுத்துப் போடலாம். ஆனால் மதுவுக்கான வயது நம் நாட்டில் 2017 டிசம்பரிலிருந்து 21. யாராவது கிளாஸ் நீட்டினால் "எனக்கு வயசு பத்தாது" என்று சொல்லச் சட்டமே துணை. 21-க்குக் கீழே உள்ளவளை உள்ளே வேலைக்கு வைக்க அவர்களின் லைசென்ஸ் இடம் கொடுக்கிறதா என்று தவுக்கேயிடம் (கிளப் முதலாளியிடம்) நேராகவே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

ஓர் இரவுக்கு எத்தனை செட் (இடைவேளை இல்லாமல் பாடும் சுற்று), ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், சம்பளம் அன்றன்றைக்கா மாதக் கடைசியிலா, கூட்டம் இல்லாத நாளிலும் கொடுப்பார்களா, இதெல்லாம் காகிதத்தில் வர வேண்டும். என்னிடம் வந்த ஒரு கீபோர்டுப் பையன் மூன்று மாதம் வாசித்துவிட்டு ஒரு மாதச் சம்பளம்தான் வாங்கினான். கையில் இருந்தது நாலு வாட்சாப் செய்தி. சில கிளப்புகளில் வாடிக்கையாளர் காசு கொடுத்துப் பாடகிக்கு மாலை போடும் பழக்கம் உண்டு. மாலை போட்டவர் மேசையில் போய் உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்தால், அது பாட்டு வேலை இல்லை. இதைப் பேசக் கூச்சப்படாதீர்கள், முதல் நாளே பேசிவிடுங்கள்.

தொண்டையையும் மறக்கக் கூடாது. பாடகிக்குத் தன் குரல் திரும்பக் கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கத்தித்தான் பாடுவாள். அப்படியே போனால் குரல்நாணில் காய்ப்புக் காய்க்கும். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டத்தில் கலைஞர்களும் சேரலாம், சேர்த்துவிடுங்கள்.

இசையைப் படிக்க ஆசை இருந்தால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் இரண்டிலும் வழி உண்டு. யூபியூ (அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது) விண்ணப்பத்தில் இசையைக் குறித்தாளா என்று கேளுங்கள். இடம் கிடைத்தால் கிளப்பை விட்டுவிட்டுப் படிக்கப் போவதாக இப்போதே பேசி வையுங்கள். மாதாமாதம் காசு வரத் தொடங்கிய பிறகு பேசினால் சண்டையாகும்.

ஒப்புக்கொண்டால், முதல் இரவு நீங்களும் போங்கள். கடைசி மேசையில் உட்கார்ந்து, மகளைவிட அதிகமாக அங்கே வேலை செய்யும் மற்றப் பெண்களைக் கவனியுங்கள். பிளாஸ்கில் சுடுதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். தவுக்கே காகிதம் கொடுத்ததும் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.