பழவேற்காட்டுல காக்கா ஆழி மாதிரி தெரிஞ்சா மொதல்ல பண்ண வேண்டியது

எண்ணூர் காட்டுக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா கொசஸ்தலை ஆத்துல இறால் பிடிக்கிறவரு, காக்கா ஆழி, அதாவது வெளிநாட்டுல இருந்து வந்து கொத்து கொத்தா ஒட்டுற ஒரு சிப்பி, வந்ததுல இருந்து பாதி நாள் வெறும் கையோட வர்றாரு. இப்ப பழவேற்காட்டுல இருக்கிற மாமா, பறவைகள் சரணாலயம் பக்கம் ஒரு கட்டையில கருப்பா கொத்து பார்த்தாராம். அது காக்கா ஆழிதானா, ப்ளீச்சிங் பவுடர் போட்டா சாகுமா, ஆயிரம் ரூபா குடுத்தா நிவாரண சர்வே லிஸ்ட்ல பேர் சேக்குறேன்னு ஒருத்தர் சொல்றாரே குடுக்கலாமா, இதான் கேள்வி.

தம்பி, மொதல்ல அந்த ஆயிரத்தை குடுக்காதீங்க. ஏன்னு கடைசியில சொல்றேன்.

அது என்னன்னு பாக்க மாமாவை கொத்தைப் பேக்காம, உதிர்ந்து கிடக்கிற செத்த ஓடு ஒண்ணைத் திறந்து உள்பக்கம் பாக்கச் சொல்லுங்க. நம்ம ஊர் பச்சை ஆழின்னா உள்ள வெளுப்பா முத்து மாதிரி மினுங்கும், வெளிய ஓரத்துல பச்சை தெரியும், நல்லா பெருசா வளரும். காக்கா ஆழி வெளிய கருப்பா இல்லன்னா கரும்பழுப்பா இருக்கும், சின்னதுல வளைஞ்சு வளைஞ்சு கோடு இருக்கும், உள்ள ஊதா கலர் அடிக்கும். இன்னொன்னு, பச்சை ஆழி பாறை, தூண் மாதிரி கெட்டியான இடமா தேடும், இது சேத்து மேலயே ஒண்ணோட ஒண்ணு நூலால பின்னி பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். அதான் உங்க அப்பாவுக்கு பிரச்சனையே, பகல்ல இறால் சேத்துல புதையணும், மேல இப்படி ஓடு மூடிட்டா எங்க போய் புதையும், பல்லுல பறியை (இறால் போடுற கூடை) கடிச்சிக்கிட்டு தண்ணிக்குள்ள கையால தடவிப் பிடிக்கிறவங்களுக்கு விரல் விரலா கிழியுது.

இதோட சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம். கப்பலோட அடிப்பாகத்துல ஒட்டியும், பேலஸ்ட் தண்ணியில (கப்பல் ஆடாம நிக்க உள்ள ஏத்திக்கிற தண்ணி) குஞ்சாவும் ஊர் ஊரா போகும். பேலஸ்ட் தண்ணிய சுத்தம் பண்ணித்தான் விடணும்னு சர்வதேச ஒப்பந்தம் 2004ல போட்டு 2017 செப்டம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, பதிமூணு வருஷம்! ஆத்துக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, சரணாலயத்துக்கு ஒரு துறை, துறைமுகத்துக்கு வேற ஆளு, ஆழிக்குன்னு ஒருத்தரும் இல்ல, கேட்டா அந்த டேபிளை கைகாட்டுவாங்க, எனக்கு இதுலதான் பத்திக்கிட்டு வரும்.

ப்ளீச்சிங் பவுடர் வேணவே வேணாம். க்ளோரின் வாடை பட்டதும் ஆழி வாயை இறுக்க மூடிக்கிட்டு நாள்கணக்கா உக்காந்திரும், அதுக்குள்ள இறால் குஞ்சும் மீன் குஞ்சும்தான் சாகும். அனல்மின் நிலையத்துல ஆழி ஒட்டாம இருக்க க்ளோரின் போடுறாங்களேன்னு கேப்பீங்க, அது மூடின பைப், அங்க விடாம க்ளோரின் போய்ட்டே இருக்கும். இது ஓடுற தண்ணி. "மருந்து" பேர் சொல்லி பாக்கெட் விக்கிற ஆளுங்களை கிட்ட சேக்காதீங்க.

அதைவிட மோசம் இன்னொரு ஏஜென்ட். இறால் பண்ணைக்கும் நண்டு கொழுக்க வைக்கிறதுக்கும் தீனின்னு காக்கா ஆழியை உயிரோட மூட்டைல வாங்குவாரு, உங்களுக்கு கூலி கிடைக்கும், ஆனா அந்த மூட்டை எங்க எங்க எறங்குதோ அங்கல்லாம் தண்ணியில பரவும். உயிரோட ஒரு கொத்து கூட இடம் மாறக் கூடாது. மன்னார் வளைகுடால பாருங்க, வளர்ப்புக்குன்னு கொண்டாந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுல பவளம் மேல ஏறிடுச்சுன்னு 2008ல வெளிய வந்துச்சு, தேசியப் பூங்காவுக்குள்ளேயே! கையால பிடுங்குனாலும் விட்ட துண்டு திரும்ப வளருது.

எண்ணூர்ல போட்ட வலையை பழவேற்காட்டுக்கு கொண்டு போலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்கணும், ஏன்னா ரெண்டு ஊருக்கும் நடுவுல பக்கிங்ஹாம் கால்வாய் ஏற்கனவே வழி போட்டு குடுத்திருக்கு, நாமளும் தூக்கிட்டுப் போகக் கூடாது. ஈர வலை கூடாது. கரையில ஏத்தி பல நாள் வெயில்ல முறுக்கா காஞ்ச வலைன்னா பரவால்ல. ஆனா காஞ்சதுன்னா மேல மட்டும் காஞ்சது இல்ல, சுருட்டி வச்ச வலை நடுவுல ஈரம் நிக்கும், ஈயக்குண்டு கட்டின ஓரம், மிதவைக்கு அடியில இருக்குற முடிச்சு, அங்க சின்ன கொத்து ஒளிஞ்சிருக்கும், அதனால விரிச்சு போட்டு, திருப்பி போட்டு, முடிச்சைத் தொட்டுப் பாருங்க. படகும் அப்படித்தான், அடியில தேங்கின தண்ணிய கரையிலேயே மணல்ல கொட்டிருங்க. கழிச்ச ஆழியை ஆத்துல திரும்ப வீசாதீங்க, மேட்டுல போட்டு காயவிடுங்க.

இப்ப மாமா பார்த்த கொத்து. சரணாலயத்துக்குள்ள நாமளே பேத்து எடுக்கக் கூடாது, 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு, நல்லது பண்ணப் போய் கேஸ் வாங்காதீங்க. கொத்து பக்கத்துல பத்து ரூபா நாணயம் வச்சு ஒரு போட்டோ, ஓட்டோட உள்பக்கம் ஒரு போட்டோ, போன்ல லொகேஷன், தேதி. அதோட வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல எழுத்துல குடுங்க, ஒரு காப்பி சாந்தோம்ல இருக்கிற இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட (ZSI) கடல் உயிரியல் மையத்துக்கு. பொன்னேரில மீன்வளக் கல்லூரி பக்கம்தான், அங்கயும் காட்டலாம். மாமா சரணாலயத்துக்கு வெளிய அவர் சொந்த இடத்துல கயித்துல ஒரு கூரை ஓட்டுத்துண்டு கட்டி தண்ணியில விட்டு மாசம் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்னா புதுசா ஒட்டுதான்னு சீக்கிரம் தெரிஞ்சிரும், பெரிய கருவி ஒண்ணும் வேணாம்.

அந்த ஆயிரம் ரூபா விஷயம். அரசாங்க லிஸ்ட்ல பேர் ஏற காசு கிடையாது. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல ஆயில் கசிஞ்சப்ப நிவாரணத்துக்கு ஜனம் எப்படி அலைஞ்சாங்கன்னு பாத்தீங்கல்ல, அந்த அவசரத்துலதான் ப்ரோக்கர் பொழைக்கிறான். அப்பாவோட மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவு சங்க உறுப்பினர் நம்பர், ஆதார் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் வச்சு மீன்வளத்துறை ஆபீஸ்ல மனு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க. அசையலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல அதே மனுவோட காப்பி, அங்கயும் மனு நம்பர் கேட்டு வாங்குங்க. நீங்க இருக்கிறது சென்னை மாவட்டம், மாமா இருக்கிறது திருவள்ளூர், அதனால ரெண்டு பேரும் தனித்தனியா குடுக்கணும்.