484 மீட்டர் குன்றுல என்னங்க இருக்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கங்க,

எனக்கு 54 வயசு, ஊர் கோயம்புத்தூர். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா நாலு பேர் சேந்து மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறி இறங்குவோம். பையன் பிரான்ஸ்ல லியோன்ல வேலை பாக்கறான், செப்டம்பர்ல பத்து நாள் அங்க போறேன், சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்கான். ஆல்ப் த்யூவெஸ், மோன் வான்த்தூ ரெண்டு மலையையும் ஏறிடணும்னு ரொம்ப நாள் ஆசை. நீங்க போன மாசம் எழுதினதுல, லியோனுக்கு வடக்க போஜொலே திராட்சைக் குன்றுகள்ல ஒரு நாளாவது ஓட்டாம ஊர் திரும்பாதீங்கன்னு எழுதியிருந்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, 484 மீட்டர் குன்றுல என்னங்க இருக்கு? கோத்தகிரி ஏறினவனுக்கு அதெல்லாம் ஒரு ஏத்தமா? இன்னொண்ணு, நான் குடிக்கிறதில்ல. ஒயின் ஊருக்குப் போய் நான் என்ன பண்றது?

கோவை வாசகர்

---

வணக்கம்ண்ணா,

ஆல்ப் த்யூவெஸ் கண்டிப்பா ஏறுங்க, அதை வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வராது. 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்ட போர்டு, சராசரியா 8 சதவீதம். கோத்தகிரி ஏறுற காலுக்கு அந்த வேலை தெரியும், ஒரு கியரைப் பிடிச்சு மூச்சை ஒரு சீரா வச்சுக்கிட்டா மேல போயிடலாம். திராட்சைக் குன்றுல அந்த சீரே கிடைக்காதுண்ணா, அதுதான் விஷயம். மலை ரோடுன்னா வண்டி ஏறணும், பஸ் ஏறணும்னு ஒருத்தர் அளந்து வளைச்சு வளைச்சுப் போட்டிருப்பார். இங்க நிறைய சின்ன ரோடு வீட்டுல இருந்து தோட்டத்துக்குப் போன வண்டிப்பாதை மேல தார் ஊத்தினதுதான், அதனால வளையாது, நேரா ஏறும். ஒரு கிலோமீட்டர் ஏறி தொடை கடுக்க ஆரம்பிக்கிறப்ப உச்சி வந்துடும், அப்பாடான்னு நிமிர்றதுக்குள்ள கீழ இறக்கம், ரெண்டு கையும் பிரேக்குல, அடில ஒரு சின்ன ஊர், ஊர் தாண்டினா மறுபடி அதே மாதிரி ஒண்ணு. இப்படி பத்து தடவை ஆனப்புறம் பாருங்க, மொத்தமா ஏறின உயரத்துல ஒரு பெரிய மலை அடங்கியிருக்கும்.

நீங்க சொன்ன அந்த 484 மீட்டர் குன்றையே எடுத்துக்குவோம், மோன் ப்ரூயி. தனியா நிக்கும். ஏத்தம் வெறும் 3 கிலோமீட்டர்தான், ஆனா சராசரி 7.7 சதவீதம். பாரிஸ்–நீஸ் சைக்கிள் ரேஸ்ல ஒரு நாள் 2016-ல இங்க முடியணும்னு இருந்துச்சு, அன்னைக்கு பனி கொட்டி நடுவழிலயே அந்த நாள் பந்தயத்தையே நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் விடாம திரும்ப வந்து போஜ்யூ ஊர்ல இருந்து இந்த உச்சி வரைக்கும் 14.5 கிலோமீட்டர் தனித்தனியா ஓடவிட்டாங்க, ஜூலியன் அலாஃபிலிப் ஜெயிச்சார். 2024-லயும் ஒரு நாள் இங்கதான் முடிஞ்சுது, அதுல ஜெயிச்சது சான்டியாகோ பூய்த்ராகோ.

சரி, இவ்வளவு சரிவுல எதுக்கு திராட்சைக் கொடியை நட்டாங்கன்னு கேப்பீங்க. அது ஒரு பெரிய கதைண்ணா. இங்க கிட்டத்தட்ட முழுக்க ஒரே ரகம், பேரு கமே. 1395-ல வடக்க இருக்கிற பர்கண்டியோட பிரபு ஃபிலிப் இந்தக் கமே ரொம்ப மோசமான, விசுவாசமில்லாத செடி, பிடுங்கி எறிங்கன்னு உத்தரவே போட்டார், அவர் ஏரியாவுல பினோ நுவார்ங்கிற திராட்சை ரகம்தான் இருக்கணும்னு. தெக்க இந்த கிரானைட் குன்றுகள்ல மட்டும் அது நின்னு பிடிச்சுக்கிச்சு. மண்ணு ஏழை மண்ணு, தண்ணி நிக்காது, கமே சும்மா விட்டா கண்டபடி காய்க்கிற செடி, இந்த வறண்ட மண்ணுதான் அதை அடக்கி வைக்குது. சரிவு கிழக்கும் தெக்கும் பாத்து இருக்கு, காலை வெயில் நேரா விழும், ராத்திரி குளிர் காத்து கீழ இறங்கிடும். மேக்க 1000 மீட்டர் வரைக்கும் மலை நின்னு காத்தைத் தடுக்குது. உங்க தொடையைக் கடுக்க வைக்கிற அதே சரிவுனாலதான் அந்தத் திராட்சையே அங்க விளையுது, சரிவு இல்லேன்னா அந்தத் தோட்டமும் இல்ல, அந்த ரோடும் இல்ல.

நம்ம கம்பம் பக்கம் பந்தல் போட்டு தலைக்கு மேல படரவிடற மாதிரி நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க. பழைய தோட்டங்கள்ல பந்தலும் இல்ல, கம்பியும் இல்ல. முழங்கால் உயரத்துக்கு முறுக்கின ஒரு கட்டை, அதுல இருந்து கோப்பை மாதிரி நாலஞ்சு கை மேல பாத்து. ஒரு ஹெக்டேருக்கு 10,000 கிட்ட நெருக்கி நட்டிருப்பாங்க.

போன செப்டம்பர்ல ஷிரூப்ல்ங்கிற ஊர் ஏத்தத்துல போயிட்டு இருந்தேன், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் இருந்திருக்கும், அதனால பக்கத்துல நடக்கிறதெல்லாம் முழுசா கண்ணுல படுது. ரோட்டோரத்துலயே அறுவடை. ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், கீழ்ப்பக்கம் இருக்கிற காலை மட்டும் விறைப்பா ஊணி, மேல்ப்பக்கக் காலை மடிச்சு, அப்படியே இடுப்புல இருந்து குனிஞ்சு இலைக்குள்ள இடது கையை விட்டுக் குலையைத் தாங்கிப் பிடிச்சு, வலது கைல சின்னக் கத்திரியால டிக்னு ஒரு வெட்டு. வாளில போட்டாச்சு. நிமிராம அடுத்த கட்டைக்கு ஒரு அடி. வாளி நிறைஞ்சா முதுகுல பெரிய கூடை மாட்டினவர் வந்து குனிவார், அவர் தோள் வழியா அதுல கொட்டுவாங்க, அதைச் சுமந்துக்கிட்டு அவர் சரிவுல ஏறி டிராக்டருக்குப் போவார். அவர் ஏறின சரிவும் நான் ஏறின சரிவும் ஒண்ணுதான். நான் ஏறினது ஒரு தடவை. அவர் அன்னைக்கு எத்தனை தடவை ஏறினாரோ. அதுக்கப்புறம் எனக்கு அந்த ஏத்தத்துல மீட்டரைப் பாக்கத் தோணவே இல்லண்ணா.

மெஷின் வச்சா என்னன்னு தோணும். இங்க குலையை உடைக்காம முழுசா தொட்டில போட்டுதான் புளிக்க வைப்பாங்க, பழத்துக்கு உள்ளயே நொதிக்க ஆரம்பிக்கும், அந்த ஒயினோட பழ வாசனை அதுல வர்றதுதான். மெஷின் கொடியை உலுக்கிப் பழத்தை மட்டும் உதிர்த்துடும், குலை கிடைக்காது. அதனால கை அறுவடை. செலவு ஜாஸ்தி. 2000-த்துக்கு அப்புறம் விலை விழுந்து நிறைய தோட்டத்தைப் பிடுங்கிட்டாங்க, டிராக்டர் போகாத செங்குத்துச் சரிவுகள்னா இன்னும் கஷ்டம். ஏறுறப்ப நடுநடுவுல பல்லு விழுந்த மாதிரி காலித் துண்டு தெரியும், புல்லு முளைச்சுக் கிடக்கும். எனக்கு அதைப் பாக்குறப்ப வயித்தைப் பிசையும். இன்னும் பத்து வருஷத்துல எது மிச்சம் இருக்கும்னு தெரியாது, இப்ப வாங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

குடிக்கிறதில்லேங்கிறது ஒரு பிரச்சனையே இல்ல. சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் அங்க கார்காரங்க மாதிரி ஒரு லிட்டர் ரத்தத்துல 0.5 கிராம் ஆல்கஹால்ங்கிற அதே கணக்குதான், அதனால ஓட்டுற அன்னைக்கு நானும் வாயில வைக்கிறதில்ல. திராட்சை ஜூஸ் கேளுங்க, ஊர் ஆட்டுப்பால் சீஸ் ஒரு உருண்டை, ரொட்டி, போதும். ஆனா மதியம் 12-ல இருந்து 2 வரைக்கும் கடை மூடியிருக்கும், ஞாயிறு மதியமும் திங்களும் சின்ன ஊர்ல எதுவுமே திறந்திருக்காது, பாக்கெட்ல ஏதாவது போட்டுக்கிட்டுப் போங்க. தண்ணிக்கு கல்லறைத் தோட்டம் தேடுங்க. பூச்செடிக்கு ஊத்த உள்ள குழாய் வச்சிருப்பாங்க, குடிக்கக் கூடாதுன்னு போர்டு இல்லேன்னா பாட்டில் ரொப்பிக்கலாம், அங்க ஓட்டுறவங்க எல்லாரும் செய்றதுதான்.

ரூட் இதுதான். லியோன் பார்-த்யூ ஸ்டேஷன்ல லோக்கல் ரயில்ல சைக்கிளோட ஏறி பெல்வில்ல இறங்குங்க. முதல்ல ப்ரூயி, அங்கேருந்து போஜ்யூ, அப்புறம் அவெனாவுக்கு நீளமா ஒரு காட்டு ஏத்தம், அது உங்களுக்குப் பழகின மாதிரி இருக்கும். அவெனா சின்ன சர்ச்சுக்குள்ள 12-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்கல் பலிபீடம் இருக்கு, இயேசுவும் சுத்தி சீடர்களும் செதுக்கினது, ஷூவைக் கழட்டிட்டு பத்து நிமிஷம் உள்ள உக்காந்துட்டு வாங்க. அடுத்து ஷிரூப்ல் மேல ஒரு திட்டு, வானம் தெளிவா இருந்தா சோன் ஆத்துச் சமவெளி தாண்டி ஆல்ப்ஸ்ல மோன் ப்ளான் சிகரம் வரைக்கும் தெரியும். அங்கேருந்து இறக்கம், ஃப்ளூரி, பழைய காத்தாடி ஆலை நிக்கிற மூலான் ஆ வான், ரொமனேஷ் தொரான் ஸ்டேஷன்.

அந்த இறக்கத்துல மட்டும் கவனம்ண்ணா. மழை பெஞ்ச மறுநாள் தோட்டத்துல இருந்து கிரானைட் மணல் அடிச்சுக்கிட்டு வந்து வளைவோட உள்பக்கம் தங்கியிருக்கும், தார் கலர்லயே இருக்கிறதால கிட்ட போனாத்தான் தெரியும். எனக்கு ஒரு தடவை முன் சக்கரம் அப்படியே வழுக்கிப் போய் முழங்கை முழுக்கத் தோலு போச்சு. அறுவடை நேரத்துல டிராக்டர் சிந்தின சாறும் சேறும் வேற. பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே பிடிச்சு முடிச்சுடுங்க. டயர் 28 மில்லிமீட்டர் அகலம் கேளுங்க, பின்சக்கரத்துல பெரிய பல்சக்கரத்துக்கு 32 பல்லாவது இருக்கணும், 34 இருந்தா இன்னும் நல்லது.

ஒண்ணு மறந்துட்டேன். ப்ரூயி உச்சில ஒரு சின்ன மாதா கோயில் இருக்கு. 1850-கள்ல கொடிக்கெல்லாம் சாம்பல் நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்சப்ப, இந்த விவசாயிங்க வேண்டிக்கிட்டுக் கட்டினது, திராட்சை மாதான்னே பேரு. வருஷா வருஷம் செப்டம்பர் 8 அன்னைக்கு நடந்தே மேல ஏறிப் பூசை வைப்பாங்க. நம்ம வேளாங்கண்ணித் திருவிழாவும் அதே நாள்தான், மாதா பிறந்தநாள். நீங்க அன்னைக்கு லியோன்ல இருந்தீங்கன்னா ப்ரூயியை அந்த நாளுக்கே வச்சுக்குங்க. காலைல ரோட்டுல ஆள் நடந்து ஏறிக்கிட்டு இருப்பாங்க, அவங்களைத் தாண்டுறப்ப மெதுவா, ஒரு போன்ஜூர் சொல்லிட்டுப் போங்க.