டீம்மேட் சொதப்பினால் வாயைத் திறக்கலாமா? ஃபைனல் ஃபேன்டஸி 14 விதிகள் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் ஆட்டத்தில் ஹீலராக, அதாவது கூட ஆடுபவர்களின் உயிரைக் காப்பவராக, ஆடுகிறேன். பெரிய பாஸ்களோடு மோதும் எட்டுப் பேர் ரெய்டு குழு ஒன்றையும் நடத்துகிறேன். கூட ஆடுபவர் தப்புச் செய்தால் என்ன சொல்லலாம், சொன்னால் கணக்குக்கு ஆபத்தா, இதைப் பற்றி மட்டும் கேளுங்கள். இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சாட்டில் யாருடைய டேமேஜ் நம்பரையும் எழுதாதீர்கள்.

ஈரோட்டு ஹீலர்: அக்கா, முன்பின் தெரியாதவங்களைச் சேர்த்துவிடுற டூட்டி ஃபைண்டர்ல வந்த டேங்க், அடியைத் தன் மேல இழுத்துக்கிற ஸ்டான்ஸே போடல. சொன்னா ரிப்போர்ட் பண்ணிடுவாங்களா?

"ஸ்டான்ஸ் ப்ளீஸ்" என்று போடுங்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை. பாதிப் பேர் மறந்துதான் போயிருப்பார்கள்.

சாஸ்டாஷா சாமி: விதியில உண்மையில என்னதான் இருக்கு? ஒருத்தர் "விமர்சனமே தடை"ங்கறார், இன்னொருத்தர் "எல்லாம் வதந்தி"ங்கறார்.

இரண்டுமே தப்பு. ஆட்டத்தை நடத்தும் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் தன் தடைசெய்த செயல்களின் விளக்கத்தை 2020 கடைசியில் விரிவாக்கி வெளியிட்டது. வசவு, மிரட்டல், துரத்தித் தொல்லை கொடுப்பது எல்லாம் வழக்கம்போல அதில் உண்டு. எல்லாரையும் பேசவைத்தது இன்னொரு பிரிவு: தன் ஆட்ட முறையை அடுத்தவர் மேல் திணிக்கும் பேச்சு. அந்தப் பிரிவு குறிவைப்பது "இது கூடத் தெரியாதா", "ஒழுங்காக ஆட முடியாவிட்டால் கிளம்பு" என்ற தொனியைத்தான். ஆலோசனை சொல்வதை அது தடுக்கவில்லை.

ஒரு உதாரணம் பாருங்கள். நான்கு பேர் போகும் அறுபதாவது லெவல் டஞ்சன். ஒயிட் மேஜ் என்ற ஹீலர் ஒருவர் கியூர் என்ற சின்னக் குணப்படுத்தும் மந்திரத்தை மட்டுமே தட்டிக்கொண்டிருக்கிறார். ஃப்ரீகியூர் என்ற சலுகை வந்தால் அடுத்துப் போடும் பெரிய மந்திரமான கியூர் 2-க்கு எம்பி (மந்திர சக்தி) செலவாகாது என்ற ஆசை. ஆனால் அது வர வாய்ப்பு 15 சதவீதம்தான். இதற்கிடையில் சண்டையில் 20 விநாடிக்கு ஒரு லில்லி என்ற இலவச டோக்கன் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதை வைத்து 52-ஆம் லெவலில் கிடைக்கும் அஃப்லேட்டஸ் சொலேஸ் என்ற குணப்படுத்தும் மந்திரத்தைப் போட்டால் காஸ்ட் நேரமும் இல்லை, எம்பி செலவும் இல்லை. இதை நான் மூன்று மாதிரி எழுதலாம்.

"கியூர் போடுற ஹீலரை இப்பத்தான் பார்க்கிறேன்." இது கேலி. தகவல் எதுவும் இல்லை.

"கியூரை ஹாட்பாரிலிருந்து எடுத்துடு." தகவல் சரி. ஆனால் உத்தரவு. அவர் "வேண்டாம்" என்ற பிறகும் இதையே மூன்று முறை எழுதினால் திணிப்பு ஆகிவிடும்.

"லில்லி இருந்தா சொலேஸ் போட்டுப் பாருங்க, எம்பி மிச்சமாகும்." இதை எந்த ஜிஎம் (நிறுவனத்தின் கண்காணிப்பாளர்) படித்தாலும் ஒன்றும் ஆகாது.

கல்யாணப் பந்தியில் "ரசம் வரலைங்க" என்பதற்கும் "பரிமாறத் தெரியாதவனை யார் கூப்பிட்டது" என்பதற்கும் உள்ள தூரம்தான் இது. புகார் வந்தால் ஜிஎம் சாட் பதிவை எடுத்துப் படிப்பார். தேவைப்பட்டால் உங்களை மோர்டியன் கேயோல் என்ற சிறை அறைக்கு இழுத்து வைத்துப் பேசுவார். புகார் கொடுத்தவருக்கு என்ன முடிவு எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். "நான் ரிப்போர்ட் பண்ணி அவனுக்கு பான் வாங்கிக் கொடுத்தேன்" என்று அளப்பவர்களை இதனால்தான் நான் நம்புவதில்லை.

பப்ஜி பாலா: ப்ரோ, பிஜிஎம்ஐ ஐடி பான் ஆயிடுச்சு, எடுத்துத் தர முடியுமா?

ப்ரோ இல்லை, அக்கா. முடியாது. அந்த ஆட்டத்துக்குள்ளேயே உதவி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

தூங்கா டேங்க்: சொல்றதுக்குப் பதிலா பேசாம கிக் ஓட்டுப் போட்டுடலாமா? அது விதிமீறலா?

ஒருவரை ஓட்டெடுத்து வெளியேற்றுவது ஆட்டமே கொடுத்திருக்கும் வசதி. காரணம் சரியாக இருந்தால் விதிமீறல் இல்லை. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இந்த விதிகளின் உண்மையான பக்கவிளைவு இங்கேதான் இருக்கிறது.

ஒரு வாக்கியம் எழுதினால் அது பதிவில் கிடக்கும், யாராவது புகார் கொடுக்கலாம். ஓட்டுப் போட்டுத் தூக்கினால் ஒரு சொல்லும் இருக்காது. சொல்லித்தருவதில் அபாயம், துரத்துவதில் பாதுகாப்பு என்று ஆட்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். இது அளவுக்கு மீறிய பயம் என்பது என் கருத்து. ஆனால் பயம் இருப்பது நிஜம். பாதியில் கிளம்பினால் 30 நிமிடம் அடுத்த டூட்டிக்குப் போக முடியாது என்பதால் பெரும்பாலோர் அதையும் செய்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிறார்கள். கடைசியில் பாராட்டு ஓட்டான கமெண்டேஷனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இதில் நஷ்டப்படுவது புதியவர். அந்தக் கியூர் ஹீலர் எண்பதாவது லெவல் வரை யாரும் ஒன்றும் சொல்லாமலே வந்துவிடுவார். முதல் முறை கடினமான சேவேஜ் ரெய்டுக்குள் நுழையும்போதுதான் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் கேட்பார். அன்றைக்குச் சொல்பவர்களுக்கும் பொறுமை இருக்காது.

கணக்குப்பிள்ளை: அதுக்குத்தானே யார் எவ்வளவு அடிச்சாங்கன்னு கணக்குப் போடுற பார்சர்! நம்பர் இல்லாம விமர்சனம்னா அது வெறும் அபிப்பிராயம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஆளாளுக்கு டேமேஜ் மீட்டர் வச்சிருக்காங்க, வானம் இடிஞ்சா விழுந்துடுச்சு?

வந்துவிட்டீர்கள். வார்கிராஃப்டின் காம்பாட் லாகை, அதாவது சண்டைப் பதிவை, ஆடான்கள் என்ற துணை நிரல்கள் படிக்கலாம் என்று அந்த நிறுவனமே பல வருடம் திறந்துவைத்திருந்தது. அங்கே மீட்டர் பார்ப்பது விதிக்கு உட்பட்டது. இங்கே வெளி மென்பொருள் எதுவானாலும் தடை. 2022 மே மாதம் தயாரிப்பாளர் நாவோகி யோஷிடா இதைத் தனியாகவே எழுதி விளக்கினார். 2023 ஜனவரியில் ஒமேகா புரோட்டோகால் என்ற மிகக் கடினமான ரெய்டை உலகில் முதலில் முடித்த அணி கேமராவைத் தூரத் தள்ளும் மென்பொருள் பயன்படுத்தியது வெளியே வந்தது. அவர்களை உண்மையான முதல் அணியாகத் தான் ஏற்கவில்லை என்றே அவர் எழுதினார். இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை: ஆனா ஆயிரக்கணக்கானவங்க ஏசிடிங்கற பார்சரை ஓட்டறாங்க. அந்த நம்பர்களை வெளியிடுற எஃப்எஃப்லாக்ஸ் தளமே அதுலதான் ஓடுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?

உங்கள் கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று அவர்கள் துழாவுவதில்லை. மாட்டுகிறவர்கள் வாயால் மாட்டுகிறார்கள். "உன் டிபிஎஸ் (விநாடிக்கு அடிக்கும் டேமேஜ்) இவ்வளவுதான்" என்று ஒருவர் சாட்டில் எழுதினால் அந்த ஒரே வரியில் இரண்டு குற்றம்: தடைசெய்த கருவி இருப்பதை ஒப்புக்கொண்டது ஒன்று, அதை வைத்து ஆளைக் குத்தியது இன்னொன்று. அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், நம்பர் எழுதாதீர்கள்.

டோன்பெரி வாசி: நான் நடுவில வரலாமா? பிளேஸ்டேஷன்ல ஆடறேன். என்னால ஏசிடி ஓட்டவே முடியாது. ஆனா பார்ட்டியில யாரோ ஒருத்தர் ஓட்டினா என் பெயரும் நம்பரும் தளத்துல ஏறிடுது. என்னைக் கேட்டாங்களா?

சரியான இடத்தைத் தொட்டீர்கள். கணக்குப்பிள்ளை, இதற்கு பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: தளத்துல பெயரை மறைச்சுக்கலாம். அது கிடக்கட்டும். எட்டுப் பேர்ல ஏழு பேர் உயிரைக் கொடுத்து ஆடி, ஒருத்தரால, நேரம் முடிஞ்சதும் பாஸ் எல்லாரையும் கொல்ற என்ரேஜைத் தாண்டலைன்னா, அந்த ஏழு பேரோட ராத்திரிக்கு யார் பதில் சொல்றது?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. என் குழுவிலும் பாஸுக்கு ஒரு சதவீதம் உயிர் மிச்சம் இருக்கும்போது வைப் (மொத்தக் குழுவும் சாவது) ஆகியிருக்கிறது. ஆனால் நம்பர் காட்டுகிற ஆள்தான் குற்றவாளி என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? டான்சர் என்ற பாத்திரம் தன் பார்ட்னருக்குக் கொடுக்கும் பலம் (பஃப்), வெறும் நம்பரில் பார்த்தால், பார்ட்னரின் டேமேஜில் சேர்ந்துவிடும். எஃப்எஃப்லாக்ஸ்காரர்களே இதற்காகத்தான் ஆர்டிபிஎஸ் என்று தனிக் கணக்கு வைத்து, பஃப் கொடுத்தவருக்கு வரவு வைக்கிறார்கள். செத்த இரண்டு பேரை எழுப்பிவிட்ட ரெட் மேஜின் நம்பர் குறையத்தான் செய்யும். ஓடுகிற சண்டையின் நடுவே மீட்டரைப் பார்த்துக் கத்துகிறவர் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

நம்பர் இல்லாமலே ஆட்டம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். யார் எத்தனை முறை செத்தார் என்பது தெரியும். பாஸின் மெக்கானிக்கை (சமாளிக்க வேண்டிய தாக்குதல் முறையை) தவறவிட்டவர் தலையில் "டேமேஜ் டவுன்" என்ற பலவீனக் குறி ஏறி நிற்கும், பார்ட்டி பட்டியலிலேயே எல்லாருக்கும் தெரியும். தன் அடி போதுமா என்று சோதிக்க ஸ்டோன், ஸ்கை, சீ என்று பொம்மையை அடிக்கும் பயிற்சி ஆட்டத்துக்குள்ளேயே உண்டு. "மூன்றாவது மெக்கானிக்கில் இரண்டு பேருக்கு டேமேஜ் டவுன் வந்தது, இடத்தை மாற்றி நிற்போமா?" இதுவும் விமர்சனம்தான். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை: அப்ப அதிகாரபூர்வமா ஒரு மீட்டர் கொடுக்கலாமே? தன்னோட நம்பரை மட்டும் தான் பார்க்கிற மாதிரி?

தன் நம்பரை மட்டும் என்றால் நானும் உங்கள் கட்சி. எல்லாருடையதையும் காட்டினால் அது ஆளைத் திட்டத்தான் பயன்படும் என்ற கவலை யோஷிடாவுக்கு உண்டு. அந்தக் கவலை நியாயமானது என்பதற்கு உங்கள் "ஏழு பேர்" கேள்வியின் தொனியே சாட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மதுரை மங்க்: டேமேஜ் கம்மியா இருக்குன்னு மட்டும் சொல்லலாமா? நம்பர் சொல்லாம?

எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேலே கணக்குப்பிள்ளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பினாங்கு பையன்: அக்கா, மலேசியாவிலிருந்து ஜப்பான்ல இருக்கற எலிமென்டல் டேட்டா சென்டர்ல ஆடறேன். அதுல டோன்பெரி சர்வர்ல நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய. ஆனா டூட்டி ஃபைண்டர்ல ஜப்பான்காரங்கதான் வர்றாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

டேப் விசையைத் தட்டினால் வரும் ஆட்டோ டிரான்ஸ்லேட் அகராதியைப் பயன்படுத்துங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கு ஜப்பானியத்தில் தெரியும். அதில் வசவுச் சொல் கிடையாது என்பது கூடுதல் லாபம்.

அங்கே பழக்கமே வேறு. ஆள் சேர்க்கும் பார்ட்டி ஃபைண்டரில் எந்த உத்தி, எதுவரை பயிற்சி என்று முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். சண்டைக்கு முன் யார் எங்கே நிற்பது என்ற மேக்ரோவை (முன்பே எழுதிவைத்த வரிகளை) சாட்டில் ஒட்டுவார்கள். தவறு நடந்தால் ஆளைச் சொல்லாமல் அதே மேக்ரோவை மறுபடி ஒட்டுவார்கள். சொல்ல வேண்டியதைச் சண்டைக்கு முன்பே சொல்லிவிடுவதால் பின்னால் சண்டை குறைவு. ஆரம்பத்தில் "யோரோஷிகு ஒனெகாயிஷிமாசு" (தயவுசெய்து ஒத்துழையுங்கள்), முடிவில் "ஓட்சுகாரெசாமா தேஷ்தா" (உங்கள் உழைப்புக்கு நன்றி). இவற்றை விடாதீர்கள்.

தங்கக் கிரீடம்: நான் மென்டர், புதியவங்களுக்கு வழிகாட்டற பட்டம் வாங்கினவர். எனக்குச் சொல்ற உரிமை கூடுதலா உண்டா?

கிடையாது. 1,500 கமெண்டேஷன் வாங்கியிருந்தாலும் விதி ஒன்றுதான். முளைச் சின்னம் உள்ள புதியவர் உதவி கேட்டால் அவர்களுக்கான சாட்டான நோவிஸ் நெட்வொர்க்கில் சொல்லுங்கள். கேட்காதவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு விடுங்கள்.

சென்னை சம்மனர்: எங்க ஸ்டாட்டிக்ல, அதாவது நிரந்தர ரெய்டு குழுவுல, எல்லாரும் நண்பர்கள். டிஸ்கார்டுல திட்டிக்குவோம். விதி அங்கேயும் வருமா?

டிஸ்கார்டில் பேசியது ஜிஎம் பார்க்கும் பதிவில் இருக்காது. ஆனால் அதே நண்பர் கோபத்தில் ஆட்டத்துக்குள் பதில் எழுதினால் அது இருக்கும்.

நான் என் குழுவில் சேர்க்கும்போதே ஒன்று கேட்பேன்: தவறைக் குரலில் எல்லார் முன்னும் சொல்லலாமா, தனியாகச் சொல்ல வேண்டுமா? இரண்டு விதமான ஆட்களும் இருக்கிறார்கள். வைப் ஆனதும் முதலில் சம்பந்தப்பட்டவர் பேசுவார், "நான் இடப்பக்கம் போயிட்டேன்" என்று. அவர் சொன்ன பிறகு வேறு யாரும் அதைத் திரும்பச் சொல்லக் கூடாது. இந்த ஒரு ஏற்பாட்டில் பாதிச் சண்டை போய்விட்டது.

ஐஸ் மேஜ் ஐயாசாமி: நான் பலம் குறைஞ்ச பனி மந்திரமான பிளிசார்ட் மட்டும்தான் போடுவேன். என் சந்தாவை நீங்களா கட்டுறீங்க?

நான் கட்டவில்லை. கூட இருக்கும் மூன்று பேரும் அவரவர் சந்தாவைக் கட்டித்தான் வந்திருக்கிறார்கள். வேண்டுமென்றே ஆடாமல் நிற்பதும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். உங்களைக் கிக் செய்தால் அதற்கும் விதி துணை நிற்கும்.

சேலம் சேஜ்: பார்சர் வச்சிருந்தா பான் ஆகுமா?

நம்பர் எழுதாதீர்கள். போதும். இனி இந்தக் கேள்விக்கு பதில் இல்லை.

புது முளை: நேற்று ஒருத்தர் என்னை "ஆட்டத்தை அன்இன்ஸ்டால் பண்ணு"ன்னு எழுதினார். ரிப்போர்ட் பண்ணலாமா? நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன்.

பண்ணலாம். சிஸ்டம் மெனுவில் சப்போர்ட் டெஸ்க் இருக்கிறது. நாள், நேரம், டூட்டியின் பெயர், அவர் எழுதியது, இவை போதும். நீங்கள் எழுதிய இரண்டு வார்த்தையும் அதே பதிவில் இருக்கும், அதையும் படிப்பார்கள். அதனால் அடுத்த முறை திருப்பிக் கொடுக்காமல் பிளாக்லிஸ்டில் போட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்குப் போங்கள். அப்புறம், எந்த டஞ்சன், என்ன ஜாப் என்று இங்கே எழுதுங்கள். அவர் சொல்ல வந்தது என்னவென்று நான் பார்த்துச் சொல்கிறேன்.