ஆடும் கத்திப் பிடியை ஊறவைக்காதீர்கள்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் கொல்லன் பட்டறையில் அடித்து வாங்கிய காய்கறிக் கத்தி, பூவரசம் பிடி. அடைமழையில் இறுக்கமாக இருந்தது, மாசி பிறந்ததும் ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கிறது, காய்ந்தால் முன்னைவிட மோசம். என்ன செய்வது?

பதில்: முதலில் ஊறவைப்பதை நிறுத்துங்கள். நனைந்த மரம் உப்பும். பிடிக்குள் செருகியிருக்கும் அலகின் வால் இரும்பு, அது இடம் விடாது என்பதால் துளையைச் சுற்றியுள்ள நார் நசுங்கும். நசுங்கியது காய்ந்தபின் பழைய நிலைக்கு வராது. இப்படி ஒவ்வொரு முறையும் துளை பெரிதாகிறது. வாலும் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் கடைசியில் பிடி பிளக்கும். சிம்பு, அதாவது மெல்லிய மரச்சில்லு, அடித்து இறுக்கினாலும் பிளவில்தான் முடியும். புதுப் பிடி போடுங்கள்.

பூவரசு நல்ல மரம்தான். ஈரம் காயாமல் போட்டிருந்தால் எந்த மரமும் இப்படித்தான் ஆடும். வைரம் பாய்ந்த துண்டாக, நடுக்குருத்து இல்லாமல் எடுங்கள், வெளிமரம் உளுத்துப்போகும். 13 செ.மீ. நீளம், 4 செ.மீ. கனத்தில் அறுத்து, வெடிக்காமலிருக்க இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனை ஏமாற்றும். காற்றே ஈரமாக இருக்கும். பங்குனி, சித்திரைதான் சரியான காலம்.

மெழுகுபட்ட முனைகளை அறுத்துவிட்டு, துளை போடுவதற்கு முன்பே பித்தளைப் பூணை ஏற்றுங்கள். வால் இறங்கும்போது வாய் பிளக்காமல் காப்பது அதுதான். வாலின் கனத்தைவிடச் சற்றுச் சிறிய துளைகளை அடுத்தடுத்துப் போட்டு, நடுவை உளியால் எடுங்கள். பிறகு அலகில் ஈரத்துணியைச் சுற்றி, வாலை மட்டும் மங்கிய சிவப்பாகக் காய்ச்சி, துளைக்குள் இரண்டு மூன்று நொடி அழுத்தி வெளியே எடுங்கள். அலகில் நீல நிறம் ஏறினால் பதம் போய்விட்டது, கூர் நிற்காது. இப்படியே தொடர்ந்து, வாலின் கடைசி அரை செ.மீ. இறங்காமல் இருக்கும்போதே சுடுவதை நிறுத்துங்கள்.

உள்ளே இருக்கும் கரியை முழுக்கச் சுரண்டுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கரி பொடிந்து உதிர்ந்ததும் பிடி மறுபடி ஆடும். வாலை உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் அரால்டைட் பசையின் இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு கலந்து துளையை நிரப்பி, வாலை மரச்சுத்தியலால் தட்டி இறக்குங்கள். பூண் ஓரத்தில் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் தண்ணீர் புகும். அலகில் துணி சுற்றி, அலகு மேலே இருக்கும்படி நிறுத்தி 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பிறகு பிடியை இழைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.