லினக்ஸ் மின்ட்டுக்கு எந்த வைஃபை டாங்கிள்?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 இயங்குதளம் போட்டிருக்கிறேன். 350 ரூபாய்க்கு வாங்கிய யுஎஸ்பி வைஃபை டாங்கிளை அது கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு டிரைவர் (டாங்கிளை இயக்கும் மென்பொருள்) போட்டுக் கொடுத்தார். பத்து நாள் ஓடியது. அப்டேட் செய்ததும் போய்விட்டது. இன்னொரு 500 கேட்கிறார். கொடுக்கலாமா, வேறு டாங்கிள் வாங்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்கு மூன்றாவது 500 கேட்பார். எங்கிருந்தோ இறக்கிய டிரைவரை, அன்றைக்கு உங்கள் கணினியில் இருந்த கெர்னலுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஏற்றியிருக்கிறார். கெர்னல் மாறியதும் அது செல்லாக்காசு. அவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

லினக்ஸில் டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வரவேண்டும். அப்படி டிரைவர் வருகிற சிப் உள்ள டாங்கிளாகப் பார்த்து வாங்கினால் செருகின நிமிடமே வைஃபை பட்டியல் விரியும். உங்களுக்கு நான் சொல்வது மீடியாடெக் எம்டி7612யூ சிப், அல்லது அதைவிட மலிவான எம்டி7610யூ. இரண்டுக்கும் 2018-இல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே டிரைவர் உண்டு. மின்ட் 21 வந்ததே 5.15-உடன். இரண்டும் 2.4 தவிர 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையையும் பிடிக்கும். வீட்டு ரூட்டர் 2.4 மட்டும்தான் என்றால் எம்டி7601யூ போதும்.

சரி, எந்த சிப் என்று பெட்டியில் எங்கே போட்டிருக்கும்? பெரும்பாலும் எங்கும் போட்டிருக்காது. எம்ஆர்பி, இறக்குமதியாளர் முகவரி எல்லாம் அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. சாதனத்தின் உயிரே சிப்தான், அதன் பெயருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு குட்டி சிடியும் அதில் அரதப் பழசான டிரைவரும்தான் இருக்கும். ‘600 எம்பிபிஎஸ்’ என்பதும் 2.4-இல் 150-ஐயும் 5-இல் 433-ஐயும் கூட்டி முழுதாக்கிய கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது.

மாடல் பெயரை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஆத்தரோஸ் ஏஆர்9271 சிப். லினக்ஸ்காரர்களின் செல்லப்பிள்ளை அது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பை வைத்துவிட்டார்கள், பெயர் மாறவில்லை. பழைய சிபாரிசைப் படித்துவிட்டுப் புதுப் பதிப்பை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

வாங்கும் முன் கையில் இருப்பதை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். டாங்கிளைச் செருகி, டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ‘எல்எஸ்யுஎஸ்பி’ (lsusb) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் சேர்த்து அடியுங்கள். வரும் பட்டியலில் ‘0பிடிஏ:1ஏ2பி’ என்ற எண் இருந்தால் (ஆங்கிலத்தில் 0bda:1a2b) உங்கள் டாங்கிள் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே சிடி மாதிரி வைத்துத் தருவதற்காக ரியல்டெக் டாங்கிள்களில் செய்கிற வேலை இது. ஃபைல் மேனேஜரில் அந்த சிடி தெரியும். அதை ‘எஜெக்ட்’ செய்யுங்கள். அநேகமாக டாங்கிள் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். மறுபடி பட்டியல் எடுங்கள். எண் ‘0பிடிஏ:சி811’ (0bda:c811) என்று மாறியிருந்தால் சிப் 8821சியூ குடும்பம். அதற்கு 6.2 கெர்னலிலிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது. மின்ட் 22 வந்ததே 6.8 கெர்னலுடன். ஆக, மின்ட் 22-ஐப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். வைஃபை வந்தால் புதுச் செலவே வேண்டாம். ஆனால் கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் மறுபடி சிடியாகிவிடும் டாங்கிளும் உண்டு. தினமும் எஜெக்ட் செய்யப் பொறுமை இல்லையென்றால் எம்டி7610யூவே வாங்கிவிடுங்கள்.

கடையில் வாங்கினால் அந்தப் பென்டிரைவையும் கொண்டுபோய், அங்கேயே ஒரு கணினியை அதிலிருந்து பூட் செய்து, டாங்கிளைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. அதுவரை ஆண்ட்ராய்டு ஃபோனை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டுக்கொள்ளுங்கள்; மின்ட் அதை டிரைவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.