தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் விஷம் இறங்குமா?

வெயிலுக்கு இதமாக மகனுக்குத் தண்ணீரை பாட்டிலோடு உறைய வைத்துக் கொடுக்கலாமா, டயாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்து புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். அது வாட்ஸ்அப்புக்கு முன்பே மின்னஞ்சலில் சுற்றிய வதந்தி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் ரோல்ஃப் ஹால்டன் 2004-லேயே மறுத்துவிட்டார். டயாக்சின் உருவாக குளோரினும் குப்பை எரிகிற அளவுக்குச் சூடும் வேண்டும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக்கில் குளோரினே கிடையாது. பிளாஸ்டிக்கில் உள்ள மற்ற வேதிப்பொருட்களும் குளிர் கூடக் கூட மெதுவாகத்தான் வெளியேறும்.

எனக்குக் கவலை, ஃப்ரீசருக்குள் போவதற்கு முன்னும் வெளியே வந்த பின்னும் நடப்பதில்தான். கொதிக்கிற சாம்பாரை அப்படியே பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுவது, உறைந்த குழம்பை டப்பாவோடு மைக்ரோவேவில் வைப்பது, பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடுவது: வேதிப்பொருள் இறங்குவது இப்படித்தான். மைக்ரோவேவ் சூட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஏராளமான நுண்துகள்களை உதிர்ப்பதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் காட்டியது. அதனால் எங்கள் வீட்டில் குழம்பு நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவுக்குள் போகும். எடுத்ததும் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் காட்டினால் குழம்புக் கட்டி கழன்று வந்துவிடும். அதைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அது என்ன வகை பிளாஸ்டிக் என்று சொல்லும். 2, 4 இரண்டும் குளிரைத் தாங்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். உணவுக்கு நல்லதுதான், ஆனால் ஃப்ரீசர் குளிரில் விறைத்துப்போகும், கை நழுவினால் உடையும். விரிசல் விட்ட டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சில்லு சாப்பாட்டில் விழும். ஓட்டல் பார்சலில் வரும் மெல்லிய டப்பாவில் துருவிய தேங்காயைக்கூட நான் வைப்பதில்லை.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஒரு லிட்டர் பாட்டில் என்றால் கழுத்துக்குக் கீழே நூறு, நூற்றைம்பது மில்லி அளவு இடம் விடுங்கள். பயந்துபோய்க் கண்ணாடி பாட்டிலுக்கு மட்டும் மாறிவிடாதீர்கள், முழுக்க நிரப்பி வைத்தால் அது ஃப்ரீசருக்குள்ளேயே வெடித்துவிடும்.